பரிணாமத்தை மட்டும் வெட்டிவிட்டு மீதியைப் பேசச் சொல்கிறீர்கள்: எங்கள் கல்லூரி நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கல்லூரி நிர்வாகக் குழுத் தலைவர், செயலர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

சென்ற மாதம் 14ஆம் தேதியிட்ட தங்கள் சுற்றறிக்கை என் கைக்கு நேராக வரவில்லை. கேண்டீன் சுவரில் ஒட்டியிருந்ததை ஒரு பழைய மாணவர் செல்போனில் படமெடுத்து அனுப்பினார். இதே கல்லூரியில் 29 ஆண்டுகள் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவன் நான். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை விஞ்ஞானிகளை அழைத்து ஊராரோடு பேச வைக்கும் கூட்டத்தை 2016 முதல் நடத்தி வருபவன். அந்தக் கூட்டத்தைப் பற்றிய முடிவை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுத்திருக்கலாம். கேட்கவில்லை. அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

சுற்றறிக்கையில் இருப்பவை மூன்று. கூட்டத்தில் இனி பரிணாமம் தொடர்பான தலைப்புகள் கூடாது. உயிரித் தொழில்நுட்பமும் செயற்கை நுண்ணறிவும் “வேலைவாய்ப்பு நோக்கில்” தொடரலாம். கேள்விகளை மூன்று நாளுக்கு முன்பே எழுத்தில் தந்து ஒப்புதல் பெற வேண்டும். கல்லூரி அடையாள அட்டை இல்லாதவர்களுக்கு அரங்கில் இடம் கிடையாது.

காரணம் என்று ஒரு வரிதான் இருக்கிறது: “பெற்றோர் தரப்பிலிருந்து வந்த ஆட்சேபம்.” எந்தக் கூட்டம், எந்தப் பேச்சு என்று எழுதவில்லை. அது எந்தக் கூட்டம் என்று எனக்குத் தெரியும். அன்று பேசியவர் ஒரு மரபியல் ஆய்வாளர். முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து, “எங்க பிள்ளைங்க கிட்ட குரங்கிலருந்து வந்தோம்னு சொல்லித் தர்றதுக்கா ஃபீஸ் கட்டுறோம்?” என்று கேட்டார். குரலில் கோபம் இருந்தது. ஆய்வாளர் கோபப்படவில்லை. “ஐயா, குரங்கு நமக்குத் தாத்தா இல்ல. பங்காளி. நம்ம தாத்தாவும் அதோட தாத்தாவும் ரொம்பத் தலைமுறைக்கு முன்னால ஒருத்தர்தான். பங்காளி வீட்டுக்கு நாம போறதில்லைங்கறதால உறவு இல்லைன்னு ஆயிடுமா?” என்றார். அரங்கமே சிரித்தது. கேட்டவரும் சிரித்தார். கூட்டம் முடிந்து இருவரும் வெளியே நின்று பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். ஆட்சேபம் அவருடையதா, அந்த அரங்கில் காலே வைக்காத வேறு யாருடையதா என்பதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

தாங்கள் தடுத்த பாடம் நம் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் தனிப் பாடமாகவே இருக்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளை பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கும் ஒன்றை, இருபது வயதுப் பிள்ளைகள் படிக்கும் கல்லூரி மேடையில் பேசக்கூடாது என்கிறீர்கள். 2018 ஜனவரியில் ஒன்றிய இணை அமைச்சர் ஒருவர் டார்வின் கொள்கை அறிவியல்படி தவறு என்று பேசியபோது, நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து அதை மறுத்து அறிக்கை வெளியிட்டன. 2023இல் ஒன்றிய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. தன் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமத்தை எடுத்தபோது 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். அன்று நம் ஊழியர் அறையில் “நல்லவேளை, நம்ம மாநிலப் பாடத்திட்டத்துல அப்படி இல்ல” என்று பேசிக்கொண்டோம். இப்போது அந்தப் பேச்சை நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இது கொள்கை வாதம். இதற்காக மட்டும் நான் மடல் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். ஒன்பது வருஷக் கூட்டங்களில் நான் எழுதி வைத்த நான்கு நீள நோட்டுகள் மேசையில் கிடக்கின்றன. அவற்றைப் புரட்டிப் பார்த்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. தாங்கள் அனுமதித்த இரண்டு தலைப்புகளும் தாங்கள் தடுத்த தலைப்பின் மேல்தான் நிற்கின்றன. எங்களுக்கு இதைக் கற்றுத் தந்ததும் புத்தகம் இல்லை. அடையாள அட்டை இல்லாத ஆட்கள்.

2018 பிப்ரவரிக் கூட்டம். தலைப்பு உயிரித் தொழில்நுட்பம். அதாவது தங்கள் கணக்கில் ஆபத்தில்லாதது. பூச்சியியல் படித்த ஓர் இளம் பெண் விஞ்ஞானி வந்திருந்தார். பி.டி. பருத்தி என்றால் என்ன என்று பொறுமையாகச் சொன்னார். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா. அது செய்யும் ஒரு புரதம் காய்ப்புழுவின் குடலைக் கெடுத்துக் கொல்லும். அந்தப் புரதத்துக்கான மரபணுவைப் பருத்திக்குள் வைத்தார்கள். 2002இல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. 2006இல் ஒன்றுக்கு இரண்டு மரபணுவாக அடுத்த விதை வந்தது. பிள்ளைகள் குறிப்பெடுத்தார்கள். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது.

பின்வரிசையில் கிணற்றுப் பாசனத்தில் நாலு ஏக்கர் பருத்தி போட்டிருந்த ஒரு பெரியவர் இருந்தார். தோளில் துண்டோடு எழுந்தார். “தாயி, முதல்ல அஞ்சாறு வருசம் ஒரு புழுவக் கண்டதில்ல. இப்ப காயப் பிளந்தா உள்ள செவப்பா நெளியுது. விதையில கலப்படமா, மருந்துல கலப்படமா? அத மட்டும் சொல்லு, நான் கெளம்புதேன்” என்றார்.

இதற்கு அந்தப் பெண் சொன்ன பதில் முழுக்க முழுக்கப் பரிணாமம். விதையிலும் குற்றமில்லை, மருந்திலும் குற்றமில்லை. லட்சக்கணக்கான புழுக்களில் ஒன்றிரண்டுக்குப் பிறவியிலேயே அந்தப் புரதத்தைத் தாங்கும் குடல் இருந்திருக்கும். மற்றதெல்லாம் செத்தன. இவை பிழைத்தன, அந்துப்பூச்சியாகின, தம்மைப் போல் பிழைத்ததோடு சேர்ந்து முட்டையிட்டன. வருஷா வருஷம் ஒரே வடிகட்டி. கடைசியில் வயல் முழுக்க அந்த வம்சம்தான். குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் மரபணுவை வென்றுவிட்டது என்பது 2010இலேயே வெளிவந்தது. சில வருஷங்களில் இரண்டு மரபணு விதையையும் அது தாண்டிவிட்டது.

அப்போது நான் ஒரு தப்புச் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். மேடையில் உட்கார்ந்தபடி, “அதாவது புழு மருந்துக்குப் பழகிவிட்டது” என்று சுருக்கமாக எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, “சார், ஒரு புழுவும் பழகல. தாங்க முடியாதது செத்துப்போச்சு. ஏற்கெனவே தாங்குனது பெருகிச்சு. இந்த ரெண்டும் வேற வேற” என்றார். 29 வருஷம் விலங்கியல் நடத்தியவனை ஊரார் முன்னால் திருத்தினார். அதுவரை எத்தனை வகுப்பில் “பழகிவிட்டது” என்று சொல்லியிருப்பேனோ தெரியாது. அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

பெரியவர் விடவில்லை. “அப்ப இதத் தடுத்திருக்க முடியாதா?” என்றார். அந்தப் பெண் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்டார்: “450 கிராம் விதைப் பாக்கெட்டோட 120 கிராம்ல இன்னொரு சின்னப் பாக்கெட் குடுத்தாங்களே, அத என்ன செஞ்சீங்க?” அரங்கில் இருந்த ஏழெட்டு விவசாயிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “அது சாதா விதை. புழு விழும்னாங்க. எதுக்கு வெதைக்கணும்? தூரப் போட்டுட்டோம்” என்றார் ஒருவர். அந்தச் சாதா விதையை வயல் ஓரத்தில் விதைத்திருந்தால் அதில் மருந்து தாங்காத புழுக்களும் பிழைத்திருக்கும். அவை தாங்கும் புழுக்களோடு கலந்து, பிறக்கும் குஞ்சுகளில் பெரும்பாலானவை மீண்டும் பி.டி. செடியில் சாகக்கூடியவையாக இருந்திருக்கும். அமெரிக்காவில் அரிசோனா விவசாயிகள் அந்த ஓர வரிசைகளை ஒழுங்காக விதைத்தார்கள். பிறகு மலட்டு அந்துப்பூச்சிகளை விமானத்திலிருந்து இறக்கினார்கள். அதே புழு, அதே மரபணு. 2018 அக்டோபரில், நாங்கள் இதைப் பேசி எட்டு மாதத்தில், அந்நாட்டுப் பருத்தி வயல்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஒழிந்தது என்று அமெரிக்க வேளாண் துறை அறிவித்தது.

பெரியவர் உட்காரும்போது முணுமுணுத்தது மைக்கில் விழுந்தது: “அந்தப் பாக்கெட் எதுக்குன்னு ஒருத்தனும் சொல்லலியே.”

ஐயா, அம்மா, அவருக்கு அதை யார் சொல்லியிருக்க வேண்டும்? விதை விற்றவர் சொல்லவில்லை. பாக்கெட்டில் எழுதியிருந்தது யாருக்கும் விளங்கவில்லை. அவர் மகன் நம் கல்லூரியில்தான் பி.எஸ்ஸி. படித்தான். நான் அவனுக்கு ஒட்டகச்சிவிங்கிக் கழுத்தும் டார்வின் குருவிகளும் நடத்தினேன். அவன் வீட்டு வயலில் நடந்துகொண்டிருந்ததை நடத்தவில்லை. அந்தக் கடன் எனக்கு இருக்கிறது. இந்தக் கூட்டம்தான் நான் அதை அடைக்கும் வழி. இனிமேல் உயிரித் தொழில்நுட்பம் பேசலாம், பரிணாமம் பேசக்கூடாது என்றால், அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்கு விஞ்ஞானி என்ன பதில் சொல்வது? “தலைப்புக்கு அப்பாற்பட்டது” என்றா?

காசநோய்க் கூட்டத்தைப் பற்றி நீட்டவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் ஒருவர், “ரெண்டு மாசத்துல இருமல் நின்னதும் மாத்திரைய நிப்பாட்டிடுறாங்க சார், என்ன சொல்லிப் புரிய வைக்க?” என்று கேட்டார். பதில் அதேதான்: பாதியில் நிறுத்தினால் பிழைப்பது தாங்கும் கிருமி, பல மருந்தைச் சேர்த்துத் தருவதும் ஆறு மாதம் தருவதும் அதை வளரவிடாமல் இருக்கத்தான். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம்தான், ஆஸ்பத்திரியில் படுக்காமல் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டும் குணமாகலாம் என்று உலகத்துக்குக் காட்டியது என்பதையும் அன்று கேட்டோம். அந்தச் செவிலியருக்கும் நம் கல்லூரி அடையாள அட்டை கிடையாது.

இனி செயற்கை நுண்ணறிவு. தங்களுக்கு மிகப் பிடித்த தலைப்பு இது என்று அறிவேன். இதே அரங்கில் வரும் மாதம் முதல் கட்டணப் பயிலரங்கு நடக்கப்போகிறது என்றும் கேள்விப்பட்டேன். நடக்கட்டும், பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். ஆனால் 2024 நவம்பர்க் கூட்டத்தில் நடந்ததைத் தாங்கள் கேட்டாக வேண்டும்.

அந்த அக்டோபரில் வேதியியல் நோபல் பரிசில் பாதி டேவிட் பேக்கருக்கும், மறுபாதி டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் கிடைத்தது. பின்னவர்கள் இருவரும் செய்தது ஆல்ஃபாஃபோல்டு என்னும் செயற்கை நுண்ணறிவு. புரதம் என்பது இருபது வகை மணிகளைக் கோத்த மாலை மாதிரி. கோத்ததும் அது தானாகச் சுருண்டு ஒரு வடிவம் கொள்ளும். மணி வரிசையை மட்டும் பார்த்து அந்த வடிவத்தைச் சொல்வது அரை நூற்றாண்டுச் சிக்கல். 2020இல் ஆல்ஃபாஃபோல்டு அதில் பெரும் பாய்ச்சல் காட்டியது. 2022க்குள் 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் கணித்த வடிவங்களை யாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டார்கள். பேச வந்தவர் கணினிவழி உயிரியலில் ஆராய்ச்சி செய்யும் இளைஞர். சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து தொடங்கினார். அங்கேதான் ஜி.என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954இல் கொலாஜன் புரதத்தின் மூவிழைச் சுருளைச் சொன்னார். 1963இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடு சேர்ந்து, புரதச் சங்கிலி எந்தக் கோணத்தில் மடங்கலாம், எந்தக் கோணத்தில் மடங்கினால் அணுவும் அணுவும் முட்டிக்கொள்ளும் என்று ஒரு வரைபடம் போட்டார். இன்றைக்கும் ஒரு புரத வடிவம் சரிதானா என்று பார்க்க உலகம் முழுக்க அந்த ராமச்சந்திரன் வரைபடத்தில்தான் வைத்துப் பார்க்கிறார்கள். கணினி சொன்ன வடிவமானாலும் சரி.

பிறகு ஒரு மாணவி கேட்டாள்: “சார், அந்தக் கணினிக்கு வடிவம் எப்படித் தெரியுது?” அவர் சொல்ல ஆரம்பித்தார். ஒரே புரதம் மனிதனிடம் இருக்கிறது, கோழியிடம் இருக்கிறது, மீனிடம் இருக்கிறது, ஈஸ்ட்டிடமும் இருக்கிறது. எல்லாம் ஒரே மூதாதையிடமிருந்து வந்ததால் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். அங்கங்கே ஒரு மணி மாறியிருக்கும். ஆயிரக்கணக்கான உயிர்களின் வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் சில இடங்கள் ஜோடியாக மாறுவது தெரியும்: இங்கே ஒரு மணி மாறினால் எங்கோ தள்ளி இன்னொரு மணியும் மாறியிருக்கும். அப்படியென்றால் சுருண்ட வடிவத்தில் அந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வாய்ப்பு அதிகம்.

பிள்ளைகள் முகத்தில் ஒன்றும் ஏறவில்லை. எனக்கே பாதிதான் விளங்கியது. அப்போது ஓரத்தில் இருந்து ஒரு குரல்: “தம்பி, இது எங்க சுவடி வேலை மாதிரியில்ல இருக்கு?” பேசியவர் பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். எழுந்து வந்து கரும்பலகையில் எழுதிக் காட்டினார். ஒரே பாட்டை நூறு ஊரில் நூறு பேர் படியெடுத்திருக்கிறார்கள். அங்கங்கே கை தவறிப் பாடபேதம் வந்துவிடும். உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது இப்படிப் பல ஏடுகளை ஒப்பிட்டுத்தான் பாடம் கண்டார். இப்போது ஓர் ஏட்டில் முதலடியின் முதல் சொல் மாறியிருக்கிறது என்று வையுங்கள். இரண்டாம் அடியின் முதல் சொல்லும் கூடவே மாறியிருந்தால் என்ன அர்த்தம்? எதுகை. ஒன்று மாறினால் மற்றதையும் மாற்றினால்தான் பாட்டு நிற்கும். “தமிழே தெரியாத ஒருத்தன் கிட்ட அந்த நூறு ஏட்டையும் குடுத்தாக்கூட, இந்த இடமும் அந்த இடமும் கட்டுப்பட்டது என்று கண்டுபிடிச்சிடுவான். சரிதானே தம்பி?”

அந்த இளைஞர் சற்று நேரம் கரும்பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். “ஐயா, இந்த எதுகையை நான் இனிமே எல்லா வகுப்பிலயும் சொல்லப்போறேன். உங்க பேரையும் சேர்த்துச் சொல்லலாமா?” என்று கேட்டார். கேள்வி கேட்ட மாணவி அன்று மாலை என்னிடம் வந்து, “சார், அப்ப கம்ப்யூட்டர் படிச்சது பரிணாமத்தோட ஏட்டையா?” என்றாள். ஆமாம் என்றேன்.

தாங்கள் வேலைவாய்ப்புக்காக வைத்துக்கொண்ட செயற்கை நுண்ணறிவு, உயிரியலில் காட்டிய மிகப் பெரிய சாதனைக்குத் தீனி போட்டது, பல கோடி வருஷம் உயிர்கள் படியெடுத்துப் படியெடுத்து விட்டுச்சென்ற பாடபேதங்கள்தான். பரிணாமத்தைத் தடுத்த அரங்கில் அந்த மாணவியின் கேள்விக்கு முதல் வாக்கியத்திலேயே பதில் நின்றுவிடும்.

தங்கள் மூன்று நிபந்தனைகளையும் அந்த ஒரு கூட்டத்தின் மேல் வைத்துப் பாருங்கள். மாணவியின் கேள்வி முன்கூட்டி எழுதியது இல்லை. பேச்சைக் கேட்டபின் முளைத்தது. தமிழாசிரியரிடம் அடையாள அட்டை இல்லை. வாசல் காவலர் தடுக்க, அவர் திரும்பிப் போயிருப்பார். எனக்கு மிச்சம் இருந்திருப்பது ஒரு பவர்பாயிண்ட்டும் பருப்பு வடையும்.

எல்லாக் கூட்டமும் இப்படி அமைந்தன என்று நான் சொல்லவில்லை. ஒரு முறை வந்த பெரிய பதவிக்காரர் இரண்டு மணி நேரம் ஆங்கிலத்தில் தன் விருதுகளைப் பற்றியே பேசினார்; பிள்ளைகள் ஒவ்வொருவராக நழுவினார்கள், நான் மேடையில் மாட்டிக்கொண்டேன். ஒரு மழை நாளில் ஏழு பேர். மரபணு மாற்றக் கத்தரிக்காய் பற்றிய கூட்டத்தில் இரண்டு தரப்பும் கத்திக்கொண்டன. 2009இல் நிபுணர் குழு அனுமதித்ததை 2010 பிப்ரவரியில் ஒன்றிய அமைச்சர் நிறுத்திவைத்தாரே, அது சரியா என்பதில் எனக்கே இன்றுவரை முழுத் தெளிவு இல்லை. ஆனால் அன்று கத்தியவர்களும் அடுத்த மாதம் வந்தார்கள்.

எழுத்தில் கேள்வி கேட்பது ஒழுங்குக்காக என்பீர்கள். போன வருஷம் செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேச வந்த பெண்ணிடம் ஒரு பையன் துள்ளி எழுந்து, “மேடம், கருங்கண்ணிப் பருத்தி பத்தி ஆராய்ச்சிக் கட்டுரை ஏதாவது அது கிட்டக் கேளுங்க” என்றான். அவர் திரையில் எல்லோரும் பார்க்கக் கேட்டார். ஆண்டு, இதழ், பக்க எண்ணோடு மூன்று கட்டுரைகள் வந்தன. அரங்கம் கைதட்டியது. அவர் கைதட்டவில்லை. ஒவ்வொன்றாகத் தேடினார். இரண்டு கட்டுரைகள் உலகில் எங்கும் இல்லை. “இது பொய் சொல்லல. பொய் சொல்றதுக்கு உண்மை தெரிஞ்சிருக்கணும். அடுத்து எந்தச் சொல் வந்தாப் பொருந்தும்னு பார்த்து எழுதுது, அவ்வளவுதான்” என்றார். அந்தப் பையன் இப்போது எம்.எஸ்ஸி. படிக்கிறான், ஆய்வறிக்கையில் ஒரு மேற்கோளையும் நேரில் திறந்து பார்க்காமல் போடுவதில்லை என்று போனில் சொன்னான். அந்தக் கேள்வி மூன்று நாள் முன்பு தங்கள் மேசைக்கு வந்திருந்தால், ஒப்புதல் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் விடையும் முன்கூட்டியே சரிபார்த்து, இஸ்திரி போட்டு வந்திருக்கும். மேடையில் ஒருவர் நின்று தேடி, இல்லை என்று கண்டுபிடித்த அந்த நான்கு நிமிடம் நடந்திருக்காது.

வெளியாட்கள் வேண்டாம் என்பதற்கும் ஒரு பதில். 2025 மே மாதம் மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களை ஒன்றிய வேளாண் அமைச்சர் அறிவித்தார். ஜூன் கூட்டத்தில் அதைப் பேசினோம். நம் மாணவர்கள் கேட்டது மகசூல் எவ்வளவு, எந்தக் கம்பெனியில் வேலை கிடைக்கும் என்று. தவறில்லை. விதை யாருக்குச் சொந்தம், நான் எடுத்துவைத்து மறு வருஷம் விதைக்கலாமா என்று கேட்டது ஓர் அம்மா. கால் ஏக்கர் குத்தகைக்காரர். விஞ்ஞானி நேர்மையாக, “அம்மா, திருத்தத்தை நான் விளக்கலாம். உரிமையைச் சட்டம் தெரிஞ்சவங்கதான் விளக்கணும்” என்றார். பின்வரிசையில் இருந்த ஒரு வக்கீல் எழுந்து, 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம் விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பகிரவும் விற்கவும் விவசாயிக்கு உரிமை தருகிறது, பிராண்டு பெயரில் மட்டும் விற்கக்கூடாது என்று விளக்கினார். வக்கீலும் வெளியாள்தான். இந்த ஊர்க்காரர்களின் தாத்தாக்கள் மகமைப் பணம் போட்டுக் கட்டிய கல்லூரி இது என்பது முகப்புக் கல்வெட்டிலேயே இருக்கிறது. அவர்கள் பேரப்பிள்ளைகளை வெளியாள் என்று எழுத எப்படிக் கை வந்தது?

பெற்றோரின் மனக்குறையை நான் அலட்சியம் செய்யவில்லை. சென்னைக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் கிடைத்த ஆதி மனிதர்களின் கற்கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் கண்டறிந்தார்கள். அதைப் பற்றிப் பேசியபோது, எங்கள் தெருக் கோயில் பூசாரி என்னிடம், “அப்ப சாமி மனுசனப் படைச்சது?” என்று மெதுவாகக் கேட்டார். அன்று வந்திருந்த தொல்லியலாளர், “நான் கல்லோட வயசத்தான் அளக்க முடியும் சாமி. நீங்க கேக்குறத அளக்க எங்கிட்டக் கருவி கிடையாது” என்றார். பூசாரி அடுத்த கூட்டத்துக்கும் வந்தார், திருநீற்றோடு. ஆட்சேபம் சொன்ன பெற்றோரை அப்படி ஒரு கூட்டத்துக்கு அழையுங்கள். நானே வீடு தேடிப் போய் அழைக்கிறேன்.

நான் கேட்பவை இவை. சுற்றறிக்கையின் தலைப்புத் தடையை எழுத்துமூலம் திரும்பப் பெறுங்கள். வாய்மொழியாக “பார்த்துக்கொள்வோம்” என்பது போதாது, ஏனென்றால் வருகிற விஞ்ஞானிக்கு நான் கடிதம் எழுத வேண்டும். கேள்வி நேரம் திறந்தே இருக்கட்டும். ஒழுங்கு வேண்டுமென்றால் ஆளுக்கு ஒரு கேள்வி, இரண்டு நிமிடம் என்று வைப்போம், அதற்கு நான் பொறுப்பு. வாசலில் அடையாள அட்டைக்குப் பதிலாகப் பெயர், ஊர் எழுதும் பதிவேடு வையுங்கள். வந்த ஆட்சேபத்தின் நகலை, அனுப்பியவர் பெயரை மறைத்தாவது, எனக்குத் தாருங்கள். எந்தப் பேச்சின் எந்த வரி தவறு என்று தெரிந்தால் திருத்திக்கொள்ள நான் தயார். இனி இக்கூட்டம் பற்றி முடிவெடுக்கும்போது உயிரியல் துறை ஆசிரியர் ஒருவரையும், மாணவர் ஒருவரையும், வெளியிலிருந்து வருபவர் ஒருவரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு, மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளின் பரிணாமம் பற்றிப் பேச, ஓர் ஆய்வாளர் சொந்தக் காசில் ரயில் டிக்கெட் எடுத்துவிட்டார். அவர் 22ஆம் தேதி இரவு ஏறுகிறார். தங்கள் பதில் அதற்கு இரண்டு நாள் முன்பாவது எனக்கு வேண்டும். அரங்கம் இல்லையென்றால் பஜார் ஜின்னிங் பேக்டரிக்காரர் தன் பஞ்சுக் கொட்டகையை ஒழித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அங்கே மைக் இல்லை, மின்விசிறியும் இரண்டுதான். கூட்டத்தை நம் அரங்கிலேயே நடத்த விரும்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கல்லூரியின் முன்னாள் விலங்கியல் ஆசிரியர்